தொடங்கிய கைவேலையை முடிப்பது எப்படி: ஒரு பனையோலைப் பெட்டியோடு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பேர் பனையோலை இழைக்க வருவார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள், பேரப்பிள்ளை கண்ட அம்மாமாரும் வருவார்கள். இழைக்கத் தெரியாமல் விட்டவர் என்று இவர்களில் யாரும் இல்லை. மேலால் ஒன்று, கீழால் ஒன்று என்று ஓலையைக் கோர்க்க அரை மணித்தியாலத்தில் எல்லோரும் பழகிவிடுகிறார்கள். ஆனாலும் பாதிப் பேரின் பெட்டி பாதியில் நின்றுவிடும். கேட்டால், "எனக்கு இது கைவராது அக்கா" என்பார்கள்.

எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கவனித்துக்கொண்டே வந்தேன். ஏறத்தாழ எல்லோரும் மூன்றே இடங்களில்தான் நிறுத்தியிருக்கிறார்கள்: பெட்டியின் அடிப்பக்கத்தை இழைத்த மறுநாள் காலை, முதல் மூலையைத் திருப்பும்போது, விளிம்பு மடிக்கும்போது. "கைவராது" என்ற எண்ணம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நேரத்தில் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கலாம். இந்த வழிகாட்டி அதற்காகத்தான். பனையோலைப் பெட்டியை வைத்துச் சொல்கிறேன். குரோஷே, தையல், எம்பிரொய்டரி செய்கிறவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். பொருந்தாத இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்கவேண்டியவை

காயவைத்த குருத்தோலை, ஓலையை வார, அதாவது நீளமான கீற்றுகளாகக் கீற, ஒரு சத்தகம் அல்லது கூரான சிறு கத்தி, அடிமட்டம், கத்தரிக்கோல், ஈரத்துணி, உடுப்புக் கொடியில் மாட்டும் கிளிப்புகள் ஒரு டசின், சிவப்பு நூல், ஒரு கொப்பி, பேனை, பென்சில்.

குருத்தோலையை நீங்களே வெட்டப் போகாதீர்கள். பனை வளர்வது அந்தக் குருத்திலிருந்துதான். ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால் மரம் நலிந்துபோகும். ஓலை வேலை செய்கிறவர்களிடம் காயவைத்த ஓலையாகவே வாங்குங்கள். வெளிர் நிறமாக, நீளமாக, புள்ளி விழாததாகப் பார்த்து எடுங்கள். மாரி காலத்தில் வாங்கினால் மணந்து பாருங்கள். பூசணம் பிடித்த ஓலையில் ஒரு புளித்த மணம் வரும்.

கொப்பி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். அது இந்த வேலையில் சத்தகத்துக்குச் சமமான கருவி. ஐந்தாம் பகுதியில் விளங்கும்.

2. யாருக்கு, எதற்கு என்று ஒரே வசனத்தில் எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "இது பெரியம்மாவின் குசினியில் உள்ளி போட்டு வைக்க ஒரு பெட்டி. தைப்பொங்கலுக்கு முதல் நாள் கொடுக்கிறேன்."

ஆளும் பாவனையும் நாளும் அந்த வசனத்தில் இருக்கவேண்டும். காரணம் இருக்கிறது. "ஒரு வடிவான பெட்டி செய்யப்போகிறேன்" என்று தொடங்கினால், எது வடிவு என்பதற்கு அளவு கிடையாது. ஒவ்வொரு நாளும் அது மாறும். காலையில் வடிவாகத் தெரிந்தது, கைபேசியில் வேறொருவருடைய வேலையைப் பார்த்த பிறகு வடிவில்லாமல் போய்விடும். உள்ளிப் பெட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அரைக் கிலோ உள்ளி கொள்ள வேண்டும், காற்றுப் போக வேண்டும், தூக்கினால் கழரக் கூடாது. மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம்.

நாளைக் குறிக்கும்போது உண்மையில் வரப்போகிற ஒரு நாளாகக் குறியுங்கள். நல்லூர்க் கோயில் கொடியேற்றம், யாருடையதாவது பிறந்தநாள், ஊருக்கு வரும் ஒருவர் திரும்பிப் போகும் நாள். "அடுத்த மாதம்" என்று எழுதினவர்களின் பெட்டிகள் எங்கள் விறாந்தையில் இன்னமும் கிடக்கின்றன.

முதல் வேலைக்கு மூடி வேண்டாம். எல்லோருக்கும் மூடுபெட்டிதான் ஆசை. ஆனால் மூடி என்பது இன்னொரு முழுப் பெட்டி. அது அடிப்பெட்டியின் மேல் சரியாக இறங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஓலையும் அரை மில்லிமீற்றர் அளவு அகலம் கூட வரவேண்டும். முதல் தடவை ஓலை வாரும் கைக்கு அந்த நுணுக்கம் வராது. மூடி பொருந்தாததால் நல்ல பெட்டியையும் சேர்த்துத் தூக்கி வைத்த இரண்டு பேரை நான் கண்டிருக்கிறேன்.

3. ஓலை முழுவதையும் முதலே வார்ந்து முடியுங்கள்

பெட்டியின் அடிப்பக்கத்துக்கு 16 ஓலை நீட்டாக, 16 ஓலை குறுக்காக. ஒவ்வொன்றும் 1 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் நீளம். மொத்தம் 32. ஆனால் 40 வாருங்கள்.

16 ஏன் என்றால், அது சரிபாதியாக 8, 8 என்று பிரியும். மூலை திருப்பும்போது அந்த நடுப்புள்ளி வேண்டும். 60 சென்ரிமீற்றரில் நடுவில் 16 சென்ரிமீற்றர் பெட்டியின் அடிப்பக்கத்துக்குப் போய்விடும். மிச்சம் இரு பக்கமும் 22 வீதம் இருக்கும். சுவரில் ஓலை சாய்வாக ஏறினாலும் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் உயரச் சுவருக்கும் விளிம்பு மடிப்புக்கும் அது தாராளமாகக் காணும்.

மேலதிகமாக 8 எதற்கு? ஓலை வெடிக்கும். இழைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று வெடித்து, எழுந்து போய்ப் புதிதாக ஒன்று வாரவேண்டி வந்தால், அதற்கிடையில் தேத்தண்ணி, தொலைபேசி அழைப்பு, பிள்ளையின் பாடம் என்று வேலை விட்டுப்போகும். பக்கத்தில் இன்னொரு ஓலை கிடந்தால் மாற்றிவிட்டு இழைத்துக்கொண்டு போவீர்கள். நூல் வேலைக்கும் இதுதான். ஒரே சாய நூலை முழுத் தேவைக்கும் ஒரே நாளில் வாங்குங்கள். பிறகு வாங்கப் போனால் அதே நிறம் கிடைக்காமல் போகலாம்.

16 ஓலைக்கு மட்டும் சாயம் போடுங்கள். சிவப்பு, பச்சை, எதுவானாலும் சரி. நீட்டாகப் போகிறவை வெள்ளை, குறுக்காகப் போகிறவை நிறம். அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு நிறம் இருந்தால் சதுரங்கப் பலகை போலக் கட்டம் தெரியும். எங்காவது மேல் கீழ் மாறிப்போனால் அந்த இடத்தில் இரண்டு கட்டம் ஒட்டிக்கொண்டு உடனே கண்ணில் படும். ஒரே நிறத்தில் இழைத்தால் பிழை ஐந்து வரிசை தாண்டித்தான் தெரியும். அப்போதுதான் மனம் விடும்.

புதியவர்கள் இந்த இடத்தில் விடும் பிழை அவசரம். பத்து ஓலை வார்ந்தவுடன் இழைத்துப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். ஓலை வார்வதையே ஒரு நாள் வேலையாக வைத்துக்கொண்டு, முடிந்ததும் கட்டி வைத்துவிட்டு எழும்புங்கள்.

4. அடி இழைத்தல்

ஓலையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி அரை மணித்தியாலம் வையுங்கள். வாளித் தண்ணீரில் ஊறப் போடக்கூடாது. ஓலை ஊறினால் விரியும், விரிந்த ஓலையை இழைத்தால் காயும்போது சுருங்கிவிடும்.

நடுவில் நான்கு ஓலையோடு தொடங்கி வெளியே போங்கள். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரம் போகும்போது சரிந்துவிடும். ஒவ்வொரு நான்கு ஓலைக்கும் ஒருமுறை அடிமட்டத்தை வைத்து நான்கு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஓரங்களைக் கிளிப்பால் பிடித்து வையுங்கள்.

புதிய கைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். 16 ஓலையும் முடியும்வரை இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் நிறுத்தும்போது அடுத்த ஓலையைப் பாதி கோர்த்து, அப்படியே கிளிப் போட்டு விட்டு எழும்புங்கள். மறுபடி உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, பாதியில் நிற்கும் ஓலையைப் பிடித்து இழுத்தால் போதும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் என் அம்மம்மா. அவர் பாய் இழைக்கும்போது ஒருநாளும் வரிசையை முடித்துவிட்டு எழும்பமாட்டார்.

5. மறுநாள் காலை

இந்த இடத்தில் நிறைய நேரம் நிற்கப்போகிறேன். அதிகம் பேர் விட்டுப்போகிற இடம் இதுதான்.

முதல் நாள் பின்னேரம் நெருக்கமாக, மட்டமாக, வடிவாக இருந்த அடியை மறுநாள் காலை எடுத்துப் பார்க்கிறீர்கள். கட்டத்துக்குக் கட்டம் இடைவெளி. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை போலத் தெரிகிறது. ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "நேற்று என்ன செய்து வைத்திருக்கிறேன்?" என்று நெஞ்சு இறங்கும்.

நீங்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஓலை காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரமாக இருந்தபோது இருந்த அகலம் குறைந்து, அந்தக் குறைவு 16 ஓலைக்கும் இடையில் இடைவெளியாகத் தெரிகிறது. காலங்காலமாகப் பெட்டி இழைக்கிறவர்களுக்கும் இதே இடைவெளி வரும். அவர்கள் அதைப் பார்த்துக் கவலைப்படுவதில்லை, இறுக்குகிறார்கள். இறுக்குவது வேலையின் ஒரு படி. அதை யாரும் சொல்லித் தராததால் புதியவர்கள் அதைத் தங்கள் தோல்வி என்று நினைக்கிறார்கள்.

இறுக்கும் முறை: அடியை மேசையில் வையுங்கள். நடு ஓலை இரண்டையும் தொடவேண்டாம். அவற்றுக்குப் பக்கத்து ஓலையை விரல் நுனியால் நடுவை நோக்கித் தள்ளுங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பிறகு அதற்கடுத்த ஓலை. இப்படி நான்கு திசைக்கும் வெளியே போகவேண்டும். ஒரு சுற்று முடிய அரை மணித்தியாலம் ஆகும். 16 சென்ரிமீற்றராக இருந்த அடி கொஞ்சம் சிறுத்து, கைக்கு ஒரு பலகை போல இறுகி வரும். ஓலை சரியாகக் காயாமல் இறுக்கினால் திரும்பவும் இடைவெளி விழும். ஆகவே அவசரப்பட்டு அன்றிரவே இறுக்காதீர்கள்.

இப்போது கொப்பிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு தங்கச்சி மறுநாள் காலை அடியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சைக்கிளை வேலியில் சாத்தக்கூட இல்லை.

"அக்கா, இது வடிவா வரேல்லை. நான் அவிழ்க்கப் போறன்."

"பொறு பிள்ளை. எந்த இடம் வடிவில்லை எண்டு காட்டு."

"முழுக்கத்தான்."

"முழுக்க எண்டு ஒரு இடம் இல்லை. விரலை வைச்சுக் காட்டு."

அவள் விரல் வைத்தது இரண்டு இடங்களில். ஒன்று இடைவெளி. அடிமட்டம் வைத்துப் பார்த்தோம், அகலமான இடத்திலேயே 2 மில்லிமீற்றர்தான் இருந்தது. மற்றது ஓரத்தில் ஒரு கட்டம் மேல் கீழ் மாறியிருந்தது. கொப்பியில் அவளையே எழுத வைத்தேன்: "இடைவெளி 2 மி.மீ., இறுக்க வேண்டும். வலது ஓரத்தில் மூன்றாம் ஓலை பிழை." பத்தே நிமிடத்தில் ஓலையைத் திருத்தினாள். பிறகு இறுக்கினாள். அந்தப் பெட்டியில் இப்போது அவளுடைய அம்மா தையல் ஊசிகள் போட்டு வைத்திருக்கிறார்.

ஆகவே மனதில் "சரியில்லை" என்று வரும்போதெல்லாம் கொப்பியை எடுங்கள். எந்த இடம், எவ்வளவு, என்ன செய்யலாம் என்ற மூன்றையும் எழுதுங்கள். எழுத முடிந்தால் அது வேலை, போய்ச் செய்யுங்கள். விரல் வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் களைத்திருக்கிறீர்கள். சாப்பிடுங்கள், படுங்கள், நாளைக்குப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு எதையும் மதிப்பிட வேண்டாம் என்பது எங்கள் விறாந்தையில் சட்டம். மின்குமிழ் வெளிச்சத்தில் வெள்ளை ஓலையின் நிழல் கூடித் தெரியும், இல்லாத வளைவெல்லாம் தெரியும்.

6. அவிழ்ப்பதா, விடுவதா

இதை அந்தந்த நேரத்து மனநிலையிடம் விடாதீர்கள். முதலே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். என் விதி இது.

பிழை கடைசி மூன்று வரிசைக்குள் இருந்தால் அவிழ்த்துத் திருத்துங்கள். அதற்கு முந்தியது என்றால், ஓலை கழன்று வருமா என்று மட்டும் இழுத்துப் பாருங்கள். கழராது என்றால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு முன்னே போங்கள். முழுப் பெட்டியும் முடிந்த பிறகு நூலைத் தேடிப் பார்த்து, அப்போதும் உறுத்தினால் மேலால் ஒரு துண்டு ஓலையைச் செருகி மறைக்கலாம்.

சிவப்பு நூல் ஏன் வேண்டும் என்றால், பிழையைக் கவனித்துவிட்டோம், குறித்துவிட்டோம் என்று மனதுக்குத் தெரியவேண்டும். குறிக்காமல் விட்டால் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். முடிந்த பிறகு நூலைத் தேடினால், ஐந்தில் மூன்றையாவது எதற்காகக் கட்டினோம் என்று தெரியாமல் முழிப்பீர்கள். இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

முழுதாக அவிழ்த்துத் திரும்ப இழைப்பதை மட்டும் செய்யாதீர்கள். மடிந்த ஓலை பழைய மடிப்பிலேயே வெடிக்கும், இரண்டாம் தடவை இழைப்பது முதலாவதை விட மோசமாகத்தான் வரும். அதைப் பார்த்து "பார், கைவராது" என்று இன்னும் உறுதியாக நம்புவீர்கள். நூல் வேலை இதில் வேறு. குரோஷேயை அவிழ்த்தால் நூலுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் அங்கும் மூன்று வரிசை விதி நல்லதுதான். ஒரே பத்து வரிசையைப் பத்துத் தரம் பின்னினவர்கள் இருக்கிறார்கள்.

7. மூலை திருப்புதல்

அடி இறுகிவிட்டது. இனிச் சுவர் எழும்ப வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 16 நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எண்ணி, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நான்கு பக்கத்துக்கும் போடுங்கள். பெட்டியின் மூலைகள் இந்த நான்கு கோட்டிலும்தான் எழும்பும். அடியின் மூலையில் பெட்டியின் மூலை வராது. இதை நம்ப எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கும்.

எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போடுங்கள். எது மேலே என்பதற்கு விதி எளிது: கடைசியாகக் கீழால் வந்த ஓலை இப்போது மேலால் போகவேண்டும். அப்படிக் குறுக்கே போட்டதும் அடி அந்த இடத்தில் மடிந்து எழும்பும். பிறகு இடப்பக்க எட்டையும் வலப்பக்க எட்டுக்குள் ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டு போங்கள். ஐந்தாறு வரிசை ஏறியதும் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு அடுத்த பக்கம்.

முதல் மூலை திருப்பி முடிந்ததும் அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் கோணலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். மற்ற மூன்று பக்கமும் தட்டையாகக் கிடக்கும். ஓலை நுனிகள் நான்கு திசையிலும் குத்திக்கொண்டு, காற்றடித்த வடலிபோல் நிற்கும். பெட்டியின் சாயல் துளியும் இருக்காது. இரண்டாம் மூலையிலும் அப்படியே. மூன்றாம் மூலை திருப்பும்போது, முதலில் திருப்பின மூலையில் ஓலைகள் கொஞ்சம் தளரும். "ஐயோ, எல்லாம் கழருது" என்ற சத்தம் எங்கள் விறாந்தையில் இந்த இடத்தில்தான் கேட்கும். நான்காம் மூலையில் கிளிப்பைப் போட்டதும், ஒரே நொடியில் அது பெட்டியாகிவிடும். இடையில் படிப்படியாக எதுவும் தெரியாது.

ஆகவே இந்தப் படிக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: நான்கு மூலையையும் ஒரே இருப்பில் முடியுங்கள். ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். அந்த நேரம் இல்லாத நாளில் மூலையைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு மூலையோடு நிறுத்தி வைத்த வேலையை மறுநாள் எடுத்துப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்ப உட்காரவில்லை. அவ்வளவு அலங்கோலமாக இருக்கும்.

எல்லாக் கைவேலையிலும் இப்படியொரு இடம் உண்டு. சட்டை தைத்தால் கை பொருத்துமுன், எம்பிரொய்டரி என்றால் வெளிக்கோடு மட்டும் முடிந்திருக்கும்போது. உங்கள் வேலையில் அது எது என்று கண்டுபிடித்து, அதை இரு நாளுக்குப் பிரிக்காமல் பாருங்கள்.

8. சுவர்

இங்கே பயம் வராது, சலிப்பு வரும். சுற்றிச் சுற்றி ஒரே வேலை. வானொலி கேட்டுக்கொண்டு செய்யலாம், கதைத்துக்கொண்டு செய்யலாம். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று என்று வைத்தால் போதும். நான்கு பக்கமும் உயரம் ஒன்றா என்று சுற்றுக்கு ஒருமுறை அடிமட்டம் வையுங்கள். ஓலை காய்ந்து விறைத்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

9. யாரிடம் எப்போது காட்டுவது

பெட்டி இழைக்கும் நாட்களில் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து ஏதாவது சொல்வார்கள். "இதைக் கடையில வாங்கலாமே." "பிளாஸ்ரிக் பெட்டி மலிவு தானே." அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வழிப்பேச்சாகச் சொல்லிவிட்டு மறந்தும் போய்விடுவார்கள். ஆனால் அந்த வார்த்தை இழைக்கிறவருக்குள் கிடந்து அரிக்கும்.

என் அனுபவத்தில், நான்கு மூலை எழும்பும்வரை யாருக்கும் காட்டாமல் இருப்பது நல்லது. படம் எடுத்துத் தொலைபேசியில் போடவும் வேண்டாம். மூலை எழும்பிய பிறகு ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஓலையைத் தொட்டுப் பழகினவராக இருக்கவேண்டும். கேட்கிற கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லையை வைத்து நாலு நாள் யோசிப்பீர்கள். "இந்த மூலை தளர்வாக இருக்கிறதா, இன்னும் இறுக்கவேண்டுமா?" என்று கேளுங்கள். அதற்கு அவரால் விரலால் அழுத்திப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.

அம்மம்மாவின் பெட்டியோடு உங்கள் முதல் பெட்டியை ஒப்பிடுகிற பழக்கமும் இருக்கிறது. எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் கைபட்டுப் பட்டு மினுமினுக்கும் பழைய பெட்டி ஒன்று இருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்றால் எடுத்து, விளிம்பு எப்படி மடித்திருக்கிறது, மூலையில் எந்த ஓலை மேலே போகிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் அது உங்களுக்குப் பாடம் சொல்லித் தரும். அவருடைய நூறாவது பெட்டியோ இருநூறாவது பெட்டியோ தான் அது. முதலாவதை எவரும் எடுத்து வைக்கவில்லை.

10. விளிம்பு மடித்தல்

சுவர் வேண்டிய உயரம் வந்ததும் பென்சிலால் சுற்றிவர ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ஓலையையும் அந்தக் கோட்டில் மடித்து, எதிர்த்திசையில் போகும் ஓலையின் மேல் படியவைத்து, இழையின் இடைவெளிகளுக்குள் செருகவேண்டும். மூன்று கட்டத்துக்குக் குறையாமல் செருகுங்கள். பிறகுதான் மிச்ச நுனியை வெட்ட வேண்டும்.

மூன்று கட்டம் என்பதை நான் அடிபட்டுத்தான் படித்தேன். ஒருமுறை ஆறு பெட்டிகள் செய்து ஒரு கடைக்குக் கொடுத்தேன். அவசரத்தில் இரண்டு கட்டம்தான் செருகியிருந்தேன். ஓலை காய்ந்து சுருங்க, நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன. நான்கைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மாதம் ஓலையை நான் தொடவில்லை. பிறகு ஒருநாள் திரும்பி வந்த பெட்டியைக் கையில் எடுத்து எந்த இடம் கழன்றிருக்கிறது என்று பார்த்தேன். விளிம்பைத் தவிர வேறெங்கும் ஒரு ஓலை அசையவில்லை. நான்கையும் நனைத்துத் திரும்பச் செருகினேன்.

புதியவர்கள் தவறுவது நேரக் கணக்கில். "விளிம்புதானே மிச்சம்" என்று நினைத்து இரவு உட்காருவார்கள். மொத்தம் 64 நுனிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். முப்பதாவது நுனியில் கை வலிக்கும், ஓலை வெடிக்கும், "முடிவு வராத வேலை" என்று தோன்றும். விளிம்பைத் தனி வேலையாகப் பிரியுங்கள். ஓர் இருப்பில் ஒரு பக்கம், 16 நுனி. நான்கு நாள் போகட்டும். இரண்டாம் பகுதியில் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே விளிம்பு தொடங்கும்படி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மடிக்குமுன் நுனியை நனைக்க மறக்காதீர்கள். காய்ந்த ஓலை மடிப்பில் பிளக்கும். பிளந்தால் பயப்பட வேண்டாம். மேலதிகமாக வார்ந்து வைத்த ஓலையில் ஒரு துண்டு எடுத்து, பிளந்ததன் மேலேயே அதன் வழியில் செருகிவிட்டு, பழையதை வெட்டலாம். வெளியில் தெரியாது.

11. முடிந்ததா என்று பார்ப்பது

கொப்பியின் முதல் பக்கத்தைத் திறவுங்கள். அரைக் கிலோ உள்ளியை உள்ளே போடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், கொஞ்சம் குலுக்குங்கள். ஓலை எங்காவது கழன்றதா? அடி தொங்கியதா? இல்லை என்றால் முடிந்தது. இதற்குப் பிறகு திருத்தப் போகக்கூடாது. "இன்னும் கொஞ்சம் வடிவாக்குவம்" என்று விளிம்பைத் திரும்ப இளக்கி, கெடுத்து, மூலையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சாயம் வெளிறும்.

12. ஏற்கெனவே பாதியில் கிடப்பவற்றை என்ன செய்வது

பலருக்கு இதுதான் பெரிய பாரம். எனக்கும் ஒரு காலத்தில் றங்குப்பெட்டிக்குள் ஏழு அரைகுறை வேலைகள் கிடந்தன. புதிதாக ஒன்று தொடங்கும்போதெல்லாம் அந்த ஏழும் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றையும் ஒரு பகல் வெளிச்சத்தில் பாயில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது யாருக்கு என்று இன்றைக்கு ஒரு பெயர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பெயர் வராததை அன்றே அவிழ்த்து ஓலையையோ நூலையோ பிரித்து வையுங்கள், அல்லது பழகுகிற பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிடுங்கள். பூசணம் பிடித்தது என்றால் அடுப்புக்குப் போகட்டும். பெயர் வந்தவற்றில் முடிவுக்கு மிக அருகில் இருப்பதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றவற்றைக் கட்டி மேலே போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. என் ஏழில் இரண்டுதான் முடிந்தன. மூன்றை அவிழ்த்தேன், இரண்டை எரித்தேன்.

எடுத்த ஒன்றைத் தொடருமுன், எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். அடியோடு நின்றிருந்தால் ஐந்தாம் பகுதிக்குப் போய் இறுக்குங்கள். இரண்டு மூலையோடு நின்றிருந்தால் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கிவிட்டு ஏழாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். விளிம்பில் நின்றிருந்தால் ஈரத்துணியைச் சுற்றி வைத்துவிட்டு, இன்றைக்கே 16 நுனி மடியுங்கள்.

முடிந்ததும், அடிப்பக்கத்தில் பேனையால் திகதியையும் பக்கத்தில் 1 என்ற இலக்கத்தையும் எழுதுங்கள். பிறகு உள்ளியைப் போட்டுப் பெரியம்மாவின் குசினிக்குக் கொண்டுபோங்கள்.